பறக்கப் பழகும் மேடு

அவுட்டர் பேங்க்ஸில் இறங்கியதும் காதில் விழும் பேச்சு காற்றைப் பற்றியதுதான். பெட்ரோல் போடும் இடத்தில், காப்பிக் கடையில், தூண்டில் விற்கும் கடை வாசலில், எங்கும் அதே விசாரிப்பு. எந்தப் பக்கத்துக் காற்று, எவ்வளவு வேகம், மதியத்துக்கு மேல் மாறுமா? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் அகன்ற காயல்களுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மெல்லிய மணல் தீவுகள் இவை. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று, கோடையில் தென்மேற்குக் காற்று. தடுத்து நிறுத்த மலை எதுவும் கிடையாது.

என் அக்கா மகன் ராலே நகரில் வேலை பார்க்கிறான். அக்டோபர் தொடக்கத்தில் அவனோடு தங்கியிருந்தபோது, "சித்தி, ஒரு நாள் ஹேங் கிளைடிங் பழகப் போகலாமா? உங்க வயசுல நெறைய பேர் வர்றாங்க" என்றான். ரைட் சகோதரர்கள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவந்த எனக்கு அந்த மணலை மிதிக்க வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. உடனே சரி என்றேன்.

ராலேயிலிருந்து 64-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போகப்போக நிலம் தாழ்ந்து சதுப்பாகிறது. அலிகேட்டர் ஆற்று வனவிலங்குக் காப்பகத்தின் நடுவே சாலை செல்லும் இடத்தில், கரடி குறுக்கே வரலாம் என்று எச்சரிக்கும் பலகைகள். சிவப்பு ஓநாய் காட்டில் தன் போக்கில் திரிவது உலகத்திலேயே இந்தக் கிழக்கு வட கரோலினாவில் மட்டும்தான். எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. ரோனோக் தீவைக் கடந்து, கடைசிப் பாலத்தின் மேல் ஏறியபோது காயலுக்கு அப்பால் மர வரிசைக்கு மேலே வெளிர்மஞ்சளாக ஒரு முதுகு தெரிந்தது. நாக்ஸ் ஹெட் ஊரின் ஜாக்கீஸ் ரிட்ஜ் மணல்மேடு.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இன்னும் உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கும் மணல்மேடுகளில் இதுவே உயரமானது. உயரம் என்றால் 25 முதல் 30 மீட்டர் வரைதான், அதுவும் நிலையாக இருப்பதில்லை. கோடைக் காற்று ஒரு பக்கம் தள்ள, குளிர்காலக் காற்று எதிர்ப்பக்கம் தள்ள, இரண்டுக்கும் நடுவில் மேடு நிற்கிறது. ஆனாலும் கணக்குச் சமமாக முடிவதில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. சாலையை மூடும் அளவுக்கு வந்த மணலை லாரிகளில் அள்ளி வடக்குப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் இங்கிருந்த சிறு கோல்ஃப் திடல் ஒன்று மணலுக்கடியில் போய்விட்டது. அங்கே அலங்காரத்துக்குக் கட்டியிருந்த கோட்டையின் உச்சி மட்டும் காற்றின் போக்கைப் பொறுத்து அவ்வப்போது தலைகாட்டும்.

பூங்காவுக்குத் திரும்பும் சாலையின் பெயர் கரோலிஸ்டா. இந்த மேடு மிஞ்சியதற்குக் காரணமான பெண்ணின் பெயர் அது. 1973-இல் வீடு கட்டுவதற்காக ஒரு புல்டோசர் மேட்டை வெட்டத் தொடங்கியது. அதைப் பார்த்த குழந்தைகள் ஓடிவந்து சொல்ல, அவர்களின் தாய் கரோலிஸ்டா பாம் நேரே போய் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஓட்டுநர் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு கையெழுத்து, நிதி திரட்டல், தலைநகருக்கு அலைச்சல் என்று அவர் ஓயவில்லை. 1975-இல் இது மாநிலப் பூங்காவானது. இப்போது 425 ஏக்கர் அளவுக்கு மணலும் புதரும் பாதுகாப்பில் இருக்கின்றன. அன்று அவர் நிற்காமல் இருந்திருந்தால் இன்று இங்கே ஒரு குடியிருப்பு இருந்திருக்கும், பறக்கப் பழக இடம் இருந்திருக்காது.

பூங்காவின் வாசலிலேயே ஹேங் கிளைடிங் பள்ளி. ஜான் ஹாரிஸ் 1974-இல் தொடங்கிய கிட்டி ஹாக் கைட்ஸ் நிறுவனத்தின் பள்ளி இது. அரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் இங்கேதான் முதன்முதலில் காலைத் தரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் வகுப்பறையில் போகிறது. படக்காட்சி, கையொப்பம், தலைக்கு ஹெல்மெட், உடம்புக்கு ஹார்னஸ். எங்கள் குழுவில் ஓஹாயோவிலிருந்து வந்த ஒரு தாத்தாவும் பேத்தியும், புதிதாக மணமான ஒரு ஜோடி, நாங்கள் இருவர். பிறகு மணலில் நடை. கோடையில் மணல் காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகக் கொதிக்கும், செருப்பில்லாமல் போனால் பாதம் வெந்துவிடும் என்றார்கள். அக்டோபரில் அந்தத் தொல்லை இல்லை. காலைக் காற்று வடகிழக்கிலிருந்து மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவில், சீராக வீசிக்கொண்டிருந்தது. பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காற்று அமையாது.

காற்று ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் பயிற்றுநர், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், மணலில் விரலால் கோடு போட்டுச் சொன்னார். பயிற்சிக் கிளைடர் காற்றில் நிற்க அதற்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அது தரைமீது ஓடும் வேகம் அல்ல, இறக்கைமீது காற்று பாயும் வேகம். எதிர்க்காற்றே இருபது கொடுத்துவிட்டால் நாம் ஓட வேண்டியது பத்துதான். பேத்தியால்கூட ஓட முடியும். இறங்கும்போதும் அதே லாபம். முப்பதில் மணலில் மோதுவதற்குப் பதில் பத்தில் காலை ஊன்றுகிறோம். சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புவது கூடுதல் உதவி. மேட்டின் மறுபக்கம் போய்விட்டால் அதே காற்று சுருண்டு கீழே அமுக்கும், அந்தப் பக்கம் யாரும் நிற்கக்கூட வேண்டாம் என்றார்.

கிளைடர் என்பது பார்வைக்கு எளிமையான பொருள். அலுமினியக் குழாய்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், மேலே டாக்ரான் துணி, துணிக்குள் வளைவு கொடுக்கச் செருகிய பட்டைகள். அடியில் ஒரு முக்கோணச் சட்டம், அதன் கீழ்க்கம்பியின் இரு முனையிலும் சிறு சக்கரங்கள். சுக்கான் கிடையாது, மிதிகட்டை கிடையாது. நம் உடம்பு ஒரு பட்டையில் தொங்குகிறது. அந்த உடம்பை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் கிளைடர் சாயும். கம்பியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் எடை முன்னால் போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் மூக்கு நிமிரும், வேகம் குறையும். மிகவும் தள்ளினால் இறக்கை காற்றை விட்டுவிடும். விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் இங்கே திணறுவதுண்டாம். அவர்களின் கைப்பிடி நேர்மாறாக வேலை செய்வது.

ஓடுவதற்கு முன் செய்யும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஹார்னஸை கிளைடரின் பட்டையில் காரபீனர் என்ற கொக்கியால் மாட்டியதும், ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்ள, நாம் அப்படியே மணல்மீது படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். பட்டை முறுக்கியிருக்கிறதா, கொக்கி பூட்டியிருக்கிறதா, நெஞ்சுக்கும் கம்பிக்கும் இடைவெளி சரியா? ஹேங் செக் என்கிறார்கள். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட மலை உச்சியில் ஏதோ ஒரு கவனச் சிதறலில் மாட்டிக்கொள்ள மறந்து, சட்டத்தைக் கையால் பிடித்தபடி ஓடி இறந்திருக்கிறார்கள். இந்தச் சிறு மேட்டில் மறந்தால் மணல்தான் ஒட்டும். இருந்தும் பயிற்றுநர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முறையும் படுக்க வைத்தார். அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது பத்தாண்டு கழித்து ஏதோ ஒரு மலை உச்சியில் நிற்கப்போகும் எங்களில் ஒருவரை.

கிளைடரைத் தூக்கும் விதத்தில் முதல் வித்தை இருக்கிறது. சட்டத்தின் இரு குழாய்களுக்கும் நடுவே நின்று, அவற்றைத் தோளில் சாய்த்து, காவடி எடுப்பவர் பாரத்தைத் தோளில் அமர்த்துவதுபோல் அமர்த்த வேண்டும். பிறகு மூக்கைக் காற்றுக்கு நேராகக் கொஞ்சம் நிமிர்த்தினால் பாரம் போய்விடுகிறது. இத்தனை நேரம் தோளை அழுத்திய இருபத்தைந்து, முப்பது கிலோவைக் காற்று வாங்கிக்கொள்கிறது. அந்தக் கணத்திலேயே உடம்புக்கு ஏதோ புரிந்துவிடுகிறது. நான் வகுப்பறையில் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான் பொருள்பட்டது.

"கம்பியைப் பிடிக்காதீங்க, தொட்டுக்கிட்டு இருந்தா போதும்" என்று பயிற்றுநர் தாத்தாவிடம் சொன்னார். "கீழே பார்க்காதீங்க. அதோ அந்த ஆரஞ்சுக் கொடி, அதையே பாருங்க. எங்கே பார்க்கிறீங்களோ அங்கேதான் போவீங்க." இருபுறமும் இரண்டு பயிற்றுநர்கள் கயிறு பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். முதல் சில அடி நடை, அடுத்தது விரைவு நடை, அப்புறம் ஓட்டம். தாத்தாவின் கால்கள் காற்றில் இரண்டு தப்படி போட்டன. ஆள் உயரத்துக்கு எழும்பி, சரிவின் சாய்வோடு ஒட்டியபடியே மிதந்து, கீழே சக்கரத்தில் இறங்கினார். பேத்தி கத்திய கத்தலில் புதருக்குள் இருந்த பறவைகள் எழுந்தன.

என் முறை வந்தது. ஓட்டம் எங்கே முடிந்தது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது, மணல் மட்டும் விலகிவிட்டது. காதோரம் காற்று இரையும் ஒலி, மேலே துணி விம்மி நிற்கும் ஒலி. கொடி என்னை நோக்கி நிதானமாக வந்தது. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபோது இடுப்பை வலப்பக்கம் நகர்த்தினேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் கிளைடர் திரும்பியது. அந்த ஒரு மூச்சைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி என்று பிறகு விளக்கினார்கள். பொறுக்காதவர்கள் இன்னும் நகர்த்துவார்கள். பழைய கட்டளையும் புதிய கட்டளையும் சேர்ந்து கிளைடரை அளவுக்கு மீறிச் சாய்க்கும். பதறி எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். ஊஞ்சல் பெரிதாகிக்கொண்டே போகும். கம்பியை இறுகப் பிடித்தால் இது நிச்சயம் நடக்கும்.

முறை மாறும் இடைவெளிகளில் உச்சியில் உட்கார்ந்திருந்தேன். கிழக்கே பெருங்கடல், மேற்கே காயல். வடக்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி கில் டெவில் ஹில்ஸ். ரைட் சகோதரர்கள் பழகிய மேடு அங்கேதான் இருக்கிறது. இப்போது அது நகர்வதில்லை. புல் வளர்த்துக் கட்டிப்போட்டு, 1932-இல் அதன் உச்சியில் கருங்கல் நினைவுத்தூண் எழுப்பிவிட்டார்கள்.

பள்ளியில் நாம் படித்தது 1903 டிசம்பர் 17. பன்னிரண்டு வினாடி, 36 மீட்டர். அந்தத் தேதியின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் மனிதன் பறக்கக் கற்ற ஆண்டு 1902 என்பதே என் தீர்மானம். அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் வில்பரும் ஆர்வில்லும் இயந்திரமே இல்லாத ஒரு கிளைடரோடு அந்த மணல்மேட்டிலிருந்து எழுநூறிலிருந்து ஆயிரம் தடவை வரை சறுக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் கிளைடர் கணக்கிட்ட அளவுக்குத் தூக்கவில்லை. மனம் சோர்ந்து டேட்டன் நகருக்குத் திரும்பியவர்கள், மரப்பெட்டியில் ஒரு காற்றுக் குகை செய்து இருநூறு அளவுக்குச் சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்து, பழைய அட்டவணைகளை ஒதுக்கிவிட்டுத் தங்கள் கணக்கோடு திரும்பி வந்தார்கள். இறக்கை கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். உள்ளூர்க்காரர் டான் டேட் ஒரு நுனியையும் சகோதரரில் ஒருவர் மறு நுனியையும் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். படுத்திருப்பவர் காற்றில் ஏறியதும் விடுவார்கள். எங்களுக்குக் கயிறு பிடித்து ஓடியவர்கள் செய்ததும் இதுதான். வால் திருப்புக்கட்டை அசையும்படி மாற்றியதும், கிளைடரைத் திருப்புவதில் இருந்த சிக்கல் தீர்ந்தது. மிக நீண்ட சறுக்கல் 26 வினாடி, சுமார் 190 மீட்டர். அதாவது அடுத்த ஆண்டின் புகழ்பெற்ற முதல் பறப்பைவிட ஐந்து மடங்கு தூரம். எஞ்சினைப் பூட்டும் நாளில் அவர்களுக்குக் காற்றில் உட்காரத் தெரிந்திருந்தது. மற்ற நாடுகளில் பெரிய எஞ்சினும் பணமும் வைத்துக்கொண்டு முயன்றவர்களுக்கு இல்லாதது அந்தப் பழக்கம்தான்.

அவர்கள் இந்த ஊரைத் தேடி வந்ததற்கும் காரணம் எங்கள் பயிற்றுநர் மணலில் போட்ட அதே கோடு. சீரான காற்று, விழுந்தால் தாங்கும் மணல், வேடிக்கை பார்க்க ஆளில்லாத தனிமை. வானிலைத் துறையின் புள்ளிவிவரங்களைப் படித்து, உள்ளூருக்குக் கடிதம் எழுதி விசாரித்து, பில் டேட் என்ற கிட்டி ஹாக்வாசி அன்போடு எழுதிய பதிலை நம்பி வந்தார்கள்.

சிறு மேட்டின் அருமையை அவர்களுக்கு முன் உணர்ந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால். பெர்லினுக்குப் பக்கத்தில் லிக்டர்ஃபெல்ட என்ற இடத்தில் 1894-இல் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவித்துச் சொந்தமாக ஒரு மேடே கட்டிக்கொண்டார். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அதற்கு எதிரே ஓட வசதியாக எல்லாப் பக்கமும் சரிவு. ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டாயிரம் சறுக்கல் என்கிறார்கள். அவரும் எங்களைப்போல உடம்பை நகர்த்தியே திருப்பினார். ஆனால் அவருடைய இறக்கையில் கைகளும் தோள்களும் மாட்டியிருந்ததால் இடுப்புக்குக் கீழேதான் அசைக்க இடமிருந்தது. 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் அருகே வேறொரு குன்றில் திடீர்க் காற்றில் இறக்கை நிலைகுலைந்தது. மறுநாள் இறந்துபோனார். அந்தச் செய்திதான் டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்த இரு சகோதரர்களை இந்தத் துறைக்குள் இழுத்தது.

எங்கள் தலைக்கு மேலிருந்த துணி இறக்கைக்கு வேறொரு வழி. அமெரிக்க விண்வெளி ஆய்வு அமைப்பின் முன்னோடியான நாக்காவில் பொறியாளராக இருந்த ஃபிரான்சிஸ் ரொகாலோ, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து விறைப்பான சட்டமே இல்லாத ஒரு இறக்கையைத் தேடிக்கொண்டிருந்தார். பெரிய மின்விசிறியை வைத்து வீட்டிலேயே காற்றுக் குகை. 1948-இல் சமையலறைத் திரைச்சீலையை வெட்டி கெர்ட்ரூட் தைத்துக் கொடுத்த பட்டம் பறந்தது. 1951-இல் காப்புரிமை கிடைத்ததும், அரசு பயன்படுத்திக்கொள்ள அதைக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தார்கள். ஜெமினி விண்கலத்தை இறக்க இந்த இறக்கையைப் பயன்படுத்த நாசா சில ஆண்டுகள் சோதனை செய்து, கடைசியில் பாராசூட் போதும் என்று முடிவு செய்தது. அங்கே கைவிட்டது ஆஸ்திரேலியாவில் கரையேறியது. கிராஃப்டன் ஊர் நீர்ச்சறுக்குக் குழுவுக்காக ஜான் டிக்கன்சன் 1963-இல் இந்த இறக்கையின் அடியில் முக்கோணச் சட்டத்தைப் பொருத்தி, ஆளைத் தனியே தொங்கவிட்டார். லிலியன்தாலின் உடம்புக்குக் கிடைக்காத இடம் அப்போது கிடைத்தது. 1971 மே 23, லிலியன்தாலின் பிறந்தநாள் அன்று, கலிபோர்னியாவில் நியூபோர்ட் கடற்கரைக்கருகே ஒரு சரிவில் கையால் செய்த கிளைடர்களோடு இளைஞர்கள் திரண்டார்கள். அங்கிருந்து ஹேங் கிளைடிங் பரவியது.

ரொகாலோ தம்பதியர் பணி ஓய்வுக்குப் பிறகு இதே அவுட்டர் பேங்க்ஸில், சதர்ன் ஷோர்ஸில் குடியேறினார்கள். தன் திரைச்சீலையின் வம்சத்தில் வந்த இறக்கையில் ரொகாலோ இந்த ஜாக்கீஸ் ரிட்ஜிலிருந்தே பறந்திருக்கிறார். 2009-இல், தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். விமான வரலாற்றில் எத்தனையோ வழக்குகளும் காப்புரிமைச் சண்டைகளும் உண்டு. ரைட் சகோதரர்களின் பிற்கால ஆண்டுகளைத் தின்றதும் அவைதான். பறப்பதை இவ்வளவு மலிவாக, ஒரு காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகும் அளவுக்கு எளிதாக்கிய இந்த இருவரின் பெயரை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிற்பகலில் அக்கா மகன் கயிறில்லாமல் ஓட அனுமதி பெற்றான். கொடிக்கு மேலாகப் போய், இறங்கும் நேரத்தில் இரு குழாய்களையும் ஓங்கி மேலே தள்ளினான். இறக்கை முழுவதும் காற்றுக்குக் குறுக்கே நிமிர்ந்து ஒரு தடுப்பாக மாற, அவன் இரண்டு கால்களிலும் நின்றான். ஃப்ளேர் என்று இதைச் சொல்கிறார்கள். சரியான கணத்துக்கு முன்னால் தள்ளினால் கிளைடர் மேலே எழும்பிவிடும், தாமதித்தால் மூக்கு மணலில் குத்தும். பயிற்றுநர் கைதட்டினார். அவர் அதிகம் கைதட்டுகிறவர் அல்ல.

இங்கிருந்து போகும் பாதை நீளமானது. அமெரிக்காவில் ஹேங் 1 தொடங்கி ஹேங் 5 வரை ஐந்து படிகள். இந்த மேட்டில் பயிற்றுநர் இல்லாமல் பறக்கவே முதல் படி வேண்டும். மேல்படிகளில் இருப்பவர்கள் வெப்பக்காற்றுத் தூண்களில் ஏறி நாடு விட்டு நாடு போவதுபோல் போகிறார்கள். 2012 ஜூலை 3 அன்று டெக்சாஸின் சபாட்டாவிலிருந்து கிளம்பிய டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் தாண்டி இறங்கினார். அவருக்கும் தொடக்கம் ஏதோ ஒரு சரிவில் ஓடிய ஓட்டமாகத்தான் இருந்திருக்கும்.

நான்கு மணிக்குமேல் காற்று முப்பதைத் தாண்டியது. புதியவர்களுக்கு இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். கிளைடர்களின் மூக்கைத் தாழ்த்தி, துணியைச் சுருட்டினோம். பள்ளியில் கணக்கு முடிக்கும்போது, மறுநாள் காலை இருவர் பறக்கும் கிளைடரில் இடம் இருக்கிறது, சிறு விமானம் கயிற்றில் இழுத்து 600 மீட்டர் உயரத்தில் விடும், அனுபவசாலி ஓட்டுவார், நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டு வரலாம், தீவு முழுவதும் தெரியும் என்றார்கள். அக்கா மகன் என்னைப் பார்த்தான். "உங்களுக்கு எது சித்தி?" என்றான்.

இருவருக்கும் மேட்டிலேயே பெயர் கொடுத்தோம். காலை எட்டரைக்கு வரச் சொன்னார்கள்.